கெர்லிண்டேயின் ஆணி

ஃபோல்கரின் டயர் கடையில், ஆபீஸ் கதவை ஒட்டிய சுவரில் நான்கு ஆணிகள். ஒவ்வொன்றுக்கு மேலும் ஒரு பெயர். சக்கரத்தை மாட்டிய கைதான் வேலைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஏதாவது குறையோடு வண்டி திரும்பி வந்தால், அந்தச் சீட்டு மாட்டியவரின் ஆணியில் ஏறிவிடும். ஏறினால் இறங்காது. வாடிக்கையாளர்கள் காபி குடித்துக்கொண்டு நிற்கிற இடமும் அதுதான் என்பதால், யார் எத்தனை முறை சொதப்பினார்கள் என்பது ஊருக்கே தெரியும். மார்க்கோவின் ஆணியில் ஒரு கற்றையே தொங்கியது. முதலாளி ஃபோல்கரின் ஆணியிலேயே ஏழு. கெர்லிண்டே பிட்சர் என்று எழுதியிருந்த ஆணியில் ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு வருஷத்தில் இரண்டு முறை சுவருக்கு வெள்ளையடித்தார்கள். எடுத்து வைக்க ஒன்றுமில்லாததால் அந்த ஆணியின் மேலேயே பிரஷ்ஷை ஓட்டிவிட்டார்கள். ஆணியும் சுவரும் ஒரே வெள்ளை.

அவள் இதைச் சொல்லிக்காட்டியதில்லை. கடை இருந்த ஆல்ப் மலைமேல் பிறந்தவர்கள் தங்களையும் புகழ மாட்டார்கள், பிறரையும் புகழ மாட்டார்கள். திட்டவில்லையென்றால் அதுவே பாராட்டு என்பது அங்கே பழமொழி; கல்யாணப் பெண்ணைப் பார்த்துக்கூட "குறை சொல்ல ஒண்ணுமில்ல" என்றுதான் வாழ்த்துவார்கள். ஆனாலும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கெர்லிண்டேயின் கண் முதலில் போவது அந்த வெள்ளை ஆணிக்குத்தான். பெருமை இல்லாமலா?

பெருமை வேண்டியிருந்தது அவளுக்கு. ஏனென்றால் வேறு எந்தக் காகிதமும் அவள் பெயரில் இல்லை. ரொட்டிக் கடையில் ரொட்டி எடுத்துக் கொடுப்பதற்கே மூன்று வருஷம் படித்துச் சான்றிதழ் வாங்குகிற நாடு அது. கெர்லிண்டே பதினைந்து வயதில் டெயில்ஃபிங்கன் ஊரின் பனியன் ஆலைக்குப் போனவள். அம்மா போனாள், சித்திகள் போனார்கள், இவளும் போனாள். ஆயிரத்து எண்ணூறு ஊசி வட்டமாகச் சுழலும் பின்னல் எந்திரம் ஆறு, இவள் பொறுப்பில். ஓர் ஊசி வளைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். கோடு விழுவதற்கு முன்பே, எந்திரத்தின் இடுப்பில் உள்ளங்கையை வைத்து "இது சரியில்லை" என்பாள். மேஸ்திரிகள் சிரிப்பார்கள். அரை மணியில் கோடு விழும். சிரிப்பு நிற்கும்.

தொண்ணூற்று மூன்றில் ஆலையை மூடினார்கள். டயர் கடையில் போன் எடுக்க ஆள் கேட்டு விளம்பரம் வந்தது, போனாள். அந்த அக்டோபரில், ஊரே பனி டயருக்கு வரிசையில் நின்ற வாரத்தில், ஒருவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. போனை வைத்துவிட்டு ரென்ச்சைக் கையில் எடுத்தவள்தான், அப்புறம் போன் பக்கம் திரும்பவில்லை. கடையில் யார் கைக்கும் அவள் கை இளைத்ததில்லை. ஆனால் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ எந்தப் படிவத்தை நீட்டினாலும் 'கற்ற தொழில்' என்ற வரியில் 'ஏதுமில்லை' என்று அவள் கையாலேயே எழுத வேண்டும். எழுதும்போதெல்லாம் பேனாவை அழுத்தித்தான் எழுதுவாள்.

இப்போது அந்த வரி அவள் தொண்டைக்கே வந்து நின்றது. ஃபோல்கருக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. கடையை வடக்கே பிரேமனில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு விற்கிறான். பட்டறைத் தலைமைக்குச் சான்றிதழ் உள்ள ஆள்தான் வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் விதி. ஃபோல்கர் மூன்று கடிதம் எழுதிச் சண்டை போட்டான். சான்றிதழ் எதற்கு, வந்து ஆணியைப் பாருங்கள் என்று படமும் எடுத்து அனுப்பினான். கடைசியில், ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை ஹார்ம்ஸ் என்ற அம்மா நேரில் வந்து முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. அந்த அம்மா சரியென்றால் தலைமை கெர்லிண்டேக்கு. இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவன் வருவான். ஐம்பத்தெட்டு வயதில் அவள் 'உதவியாள்' என்ற பட்டியலில் ஏறுவாள். உதவியாளாக ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஃபோல்கருக்கு அது சொல்லாமலே தெரியும்.

அந்த வெள்ளிக்கு மூன்று நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலை, தியோடோர் ஹாசிஸ் கையில் சீட்டோடு வந்து நின்றார். வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்!

ஹாசிஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எடையளவு ஆய்வாளர். நாற்பது வருஷம் அந்த வட்டாரத்துக் கசாப்புக் கடை, காய்கறிக் கடைத் தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை குத்தியவர். அரை கிராம் தவறினால் முத்திரை கிடையாது. அவர் ஸ்டேஷன் வேகனுக்கு ஈஸ்டருக்கு முந்திய திங்களன்று பனிச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கோடைச் சக்கரங்களை மாட்டியது கெர்லிண்டேதான். முன் டயர் அதிகம் தேய்ந்திருந்ததால், போன கோடையில் பின்னால் ஓடியதை முன்னால் போட்டு, முன்னால் ஓடியதைப் பின்னால் போட்டாள்.

"பிட்சரம்மா, நான் குறை சொல்ல வரல," என்று ஆரம்பித்தார் ஹாசிஸ். குறை சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "அளந்துட்டு வந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து மடித்த கட்டத்தாள் வெளியே வந்தது.

"சொல்லுங்க ஐயா. உதறுதா?"

"உதறுது. தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணுமில்ல. நூத்தி அஞ்சுல ஆரம்பிக்குது. நூத்திப் பதினெட்டுல உச்சம். நூத்தி நாப்பதுல அடங்கிடுது. மூணு தடவ ஓட்டினேன், மூணு தடவையும் அதே கணக்கு."

"கையில தெரியுதா, உக்கார்ற இடத்துல தெரியுதா?"

"கையில. ஸ்டியரிங்குல."

"பிரேக் போட்டா?"

"அதே அளவு. கூடல, கொறையல."

"அப்ப பிரேக் இல்ல. முன் சக்கரம்."

"அது எனக்கே தெரியும். நீங்க மாத்திப் போடறதுக்கு முன்னாடி இது இல்ல. போன கோடை முழுக்க இல்ல."

காருக்குள் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஆடெல்ஹைட் கண்ணாடியை இறக்கினார். "போன வருஷமும் இருந்துது."

"அது ரோடு, ஆடெல்ஹைட்."

"என் முதுகுல கிச்சுகிச்சு மூட்டுச்சு, தியோ. எண்பத்தொண்ணாம் நம்பர் ரோடு பூரா."

"உனக்கு வயசாயிடுச்சு, அதான்."

கண்ணாடி மேலே ஏறியது. வேகமாக ஏறியது.

ஃபோல்கர் ஆபீஸிலிருந்து நொண்டிக்கொண்டே வந்து சீட்டைப் பார்த்தான். கையெழுத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஹாசிஸ் ஊர்ப் பாட்டுக் குழுவின் செயலாளர் வேறு. ஒத்திகை வியாழக்கிழமை. வியாழன் சாயங்காலம் பாடியவர்கள் வெள்ளிக்குள் எத்தனை பேரிடம் சொல்வார்கள் என்று கணக்குப் போட அவனுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"வண்டிய விட்டுட்டுப் போங்க ஐயா," என்றாள் கெர்லிண்டே. "உதறலோட திருப்பிக் குடுக்க மாட்டேன்."

முதலில் நான்கு சக்கரத்தையும் கழற்றிச் சுழற்றும் எந்திரத்தில் ஏற்றினாள். எந்தப் பக்கம் எடை கூடியிருக்கிறது என்று சொல்லும் எந்திரம். இரண்டு வருஷம் முன்னால் ஃபோல்கர் வாங்கியது, அவனுக்குப் பிள்ளை மாதிரி. நான்குக்கும் பூஜ்யம் காட்டியது. ரிம்மில் ஒட்டியிருந்த எடைக்கட்டிகள் ஒன்றும் உதிரவில்லை. டயரில் வீக்கமில்லை, தட்டையான இடமில்லை, ரிம்மில் அடிபட்ட தடமில்லை.

"மெஷின் பூஜ்யம்னு சொல்லுதுல்ல?" என்றான் மார்க்கோ, வெண்ணெய் தடவிய பிரெட்ஸெல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே. இருபத்தாறு வயது, சான்றிதழ் உள்ளவன், பேசுவதற்கும் சான்றிதழ் வாங்கியவன். "கெழவர் கைதான் நடுங்குது. அவருக்கு எழுவத்தி நாலு வயசு."

"நடுங்குற கையால எழுதின எழுத்தாடா இது?" கட்டத்தாளை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள். எண்கள் அச்சடித்த மாதிரி நின்றன. மார்க்கோ பிரெட்ஸெலோடு நகர்ந்துவிட்டான்.

சக்கரங்களை மறுபடி மாட்டிக்கொண்டு அவளே ஓட்டிப்போனாள். ராட்வைல் ஊரைத் தாண்டி, விரைவுச்சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நீட்டத்தில் ஏறினாள். சாலையோரக் காட்டில் இன்னும் அழுக்குப் பனி கிடந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை. விரல் நுனிகளை மட்டும் வைத்திருந்தாள். நூற்று ஐந்தில் விரல் நுனி அரித்தது. நூற்றுப் பதினெட்டில் கையே தந்தியடித்தது. நூற்று நாற்பதில் ஒன்றுமில்லை. ஹாசிஸ் எழுதியது எழுதியபடி. அந்த மனிதர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, மரியாதைதான் வந்தது. சரியாக அளக்கத் தெரிந்த ஒருவர் தன்மேல் புகார் சொன்னது, தெரியாத பத்துப் பேர் சொன்னதைவிட வலித்தது என்பதும் உண்மைதான்.

புதன்கிழமை, முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினாள். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. ஆனால் நூற்று ஐந்தில் முதுகுக்குக் கீழே ஏதோ சுரண்டத் தொடங்கியது. நூற்றுப் பதினெட்டில் இருக்கையே முனகியது.

"கிச்சுகிச்சு!" என்று தனியாக இருந்த காருக்குள் சத்தமாகச் சொன்னாள்.

பின் சக்கரத்து உதறல் கைக்கு வராது, உட்காரும் இடத்துக்குத்தான் வரும். அப்படியென்றால் இந்த இரண்டு சக்கரமும் போன கோடையிலும் பின்னாலிருந்து உதறிக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. ஸ்டியரிங் பிடித்தவர் அதை ரோடு என்று தள்ளிவிட்டார், பக்கத்தில் உட்கார்ந்த மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லியும் இருக்கிறார். இவள் அவற்றை முன்னால் கொண்டுவந்து போட்டதும் பழைய கள்ளன் ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஆக, கோளாறு காரில் இல்லை. அந்த இரண்டு சக்கரத்தில். ஆனால் எந்திரம் அவற்றில் ஒரு குறையும் இல்லை என்கிறது. எப்படி?

மத்தியானம் பட்டறையில் அவித்த பயறும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் டப்பாவில் ஆறிக் கிடந்தன. அவள் இரண்டு வாய் வைத்துவிட்டு முட்கரண்டியைப் பிடித்தபடி இருந்தாள். ஆலையில் ஒரு முறை இப்படித்தான். துணியில் கோடு. மேஸ்திரி ஊசியை மாற்றச் சொன்னான். மாற்றினாள், கோடு. மறுபடி மாற்றினாள், கோடு. மூன்றாவது முறை ஊசியை எடுத்துவிட்டு, அது உட்காரும் பள்ளத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். மயிரிழை கனத்தில் பஞ்சு அடைத்திருந்தது. ஊசி நல்ல ஊசிதான். உட்கார்ந்த இடம்தான் சரியில்லை.

டப்பாவை மூடினாள்.

காரை லிஃப்டில் ஏற்றி, சந்தேகச் சக்கரம் ஒன்றின் போல்ட்டுகளைக் கழற்றி, சக்கரத்தை இரண்டு போல்ட் தூரம் தள்ளித் திருப்பி அதே இடத்தில் மறுபடி முடுக்கினாள். ஓட்டிப் பார்த்தாள். உதறல் பாதியாகக் குறைந்திருந்தது. சக்கரம் மாறவில்லை, கார் மாறவில்லை, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. அவள் உள்ளங்கை சூடாகிவிட்டது. பிடித்துவிட்டாள்!

பட்டறைக்குத் திரும்பி நான்கையும் கழற்றி வரிசையாகப் படுக்க வைத்தாள். நடுத்துளையில் விரலை விட்டுச் சுற்றினாள். நல்ல சக்கரத்தில், துளையின் விளிம்போடு விளிம்பாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம். ரிம்மும் சாம்பல் நிறம், அதுவும் சாம்பல் நிறம். அடுத்ததிலும் இருந்தது. சந்தேகச் சக்கரம் இரண்டிலும் விரல் வெறும் உலோகத்தைத் தொட்டது.

ஹாசிஸ் சிக்கனமான ஊரில் சிக்கனமான மனிதர். கார் கம்பெனி ரிம் வாங்காமல், பல கார்களுக்கும் பொருந்துகிற பொது ரிம் வாங்கியிருக்கிறார். அதில் நடுத்துளை கொஞ்சம் பெரிது. சக்கரம் உட்காரும் காரின் அச்சுக் குடத்துக்கும் துளைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியை வளையம்தான் நிரப்பும். அது இல்லாவிட்டால் சக்கரம் மயிரிழை தள்ளி உட்காரும். ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. நூற்றுப் பதினெட்டில் தெரியாமல் போகாது. எந்திரமோ சக்கரத்தைத் தன் கூம்பில் நடுவாகப் பிடித்துக்கொண்டு சுழற்றுகிறது. அதன் கண்ணுக்குச் சக்கரம் சுத்தம்.

"பூஜ்யம்!" என்று மார்க்கோவைப் பார்த்துச் சொன்னாள். அவன் அருகில் வந்து, விரலை விட்டு, எடுத்து, மறுபடி விட்டான். "அடேயப்பா!" என்றான். அவன் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

வளையம் தானாகத் தொலைந்திருக்காது. வியாழன் காலை அவள் ஹாசிஸ் வீட்டுக்கு நடந்தே போனாள். மாடிப்படிக் கைப்பிடியில் 'பெருக்கும் வாரம்' என்ற பலகை தொங்கியது. அந்த வாரம் படி பெருக்கும் முறை ஹாசிஸ் வீட்டுக்கு. படியில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

"ஐயா, சக்கரத்த எடுத்து வெக்கிறதுக்கு முன்னாடி கழுவுவீங்களா?"

ஹாசிஸுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "கழுவாம யாராவது எடுத்து வெப்பாங்களா? வெந்நி, சோப்பு, பிரஷ். துளைக்கு பல்லு தேய்க்கிற பிரஷ்."

"கழுவுறப்ப ஏதாவது கழண்டு விழுந்துதா?"

அவர் நிலவறைக்கு இறங்கினார். பின்னாலேயே இவளும் ஆடெல்ஹைடும் இறங்கினார்கள். ஒரு சுவர் முழுக்க ஜாம் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஆணி, திருகு, வாஷர், எல்லாவற்றிலும் சீட்டு, எல்லாச் சீட்டிலும் தேதி. மூன்றாவது தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே ஜாம் மூடி அளவில் இரண்டு சாம்பல் வளையங்கள். சீட்டில் எழுதியிருந்தது: 'பிளாஸ்டிக் வளையம், 2. வாளியில் கிடைத்தது. பயன் தெரியவில்லை.' தேதி போன கோடைக்கும் முந்தைய அக்டோபர்.

ஹாசிஸ் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்தது.

"நாப்பது வருஷம் அடுத்தவன் தராசுல குத்தம் கண்டுபுடிச்சேன் பிட்சரம்மா."

"நீங்க தூக்கிப் போடலையே ஐயா. அதுவரைக்கும் நல்லது."

"ரோடு!" என்றார் ஆடெல்ஹைட், ஒரே ஒரு வார்த்தை. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இனி ஆயுசுக்கும் அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தை போதும்.

வளையங்களைப் பொருத்தி, நான்கு சக்கரத்தையும் மாட்டி, விரைவுச்சாலையில் நூற்று அறுபது வரை போய்விட்டு வந்தாள். பால் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். திரும்பி வரும்போது அவள் சத்தமாகப் பாடினாள்; பாட்டுக் குழுவில் அவளைச் சேர்த்திருக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கடைக்கு வந்ததும் ஃபோல்கர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"இத கிழிச்சுப் போட்டுரு," என்றான்.

"எதுக்கு?"

"எதுக்கா? வளையத்த புடுங்கினது அவரு. கண்டுபுடிச்சது நீ. இது உன் தப்பே இல்ல. நாளைக்கு அந்தப் பிரேமன் அம்மா வருது, கெர்லிண்டே. மூணு கடுதாசியில எழுதியிருக்கேன், முப்பத்தொரு வருஷமா ஆணி காலின்னு. படம் வேற அனுப்பியிருக்கேன்!"

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள். மனசு ஒரு நிமிஷம் ஆடத்தான் செய்தது. ஆடவில்லை என்று சொன்னால் அது பொய். ஃபோல்கர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. வளையத்தை அவள் தொலைக்கவில்லை. ஆனால் அந்தத் திங்களன்று பத்தொன்பது கார்; குடத்தில் துரு இருக்கிறதா என்று பார்த்தாள், தேய்த்தாள், போல்ட்டை அளந்து முடுக்கினாள். துளைக்குள் விரலை விடவில்லை. விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

"மாட்டினது யாரு கை?" என்றாள்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்மா. அத ஊருக்குக் காட்டணுமா?"

"மார்க்கோ சறுக்கினப்போ காட்டினோம்ல?"

கெர்லிண்டே ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, சீட்டின் கீழே 'காரணம்' என்ற இடத்தில் எழுதினாள். பேனாவை அழுத்தித்தான் எழுதினாள். பிறகு சுவரோரம் போய் வெள்ளை ஆணியில் சீட்டைக் குத்தினாள். முப்பத்தொரு வருஷத்துப் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து தரையில் விழுந்தது. விளக்குமாறை எடுத்து அதையும் பெருக்கினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஹார்ம்ஸ் அம்மா வந்தார். நெட்டையான உருவம், காபி வேண்டாம் தேநீர்தான் வேண்டும் என்ற வடக்கத்திப் பழக்கம், சுற்றி வளைக்காத பேச்சு. பட்டறையைச் சுற்றிப் பார்த்தார், கோப்புகளைப் புரட்டினார், ஒரு படிவத்தை மேசைமேல் வைத்தார்.

"பிட்சரம்மா, கற்ற தொழில்?"

"ஏதுமில்ல."

"ஒரு வாரப் பயிற்சி, ரெண்டு வாரப் பயிற்சி, ஏதாவது காகிதம்?"

"பனியன் ஆலையில பன்னெண்டு வருஷம். இங்க முப்பத்தொண்ணு. காகிதம் கெடையாது."

ஃபோல்கர் வாயைத் திறந்தான்; கெர்லிண்டே பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். ஹார்ம்ஸ் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆணிகளிடம் போனார். மார்க்கோவின் கற்றையைக் கொஞ்சம் புரட்டினார். பிறகு நான்காவது ஆணிக்கு வந்து நின்றார்.

"படத்துல இது காலியா இருந்துதே?"

"இருந்துது. நேத்துதான் இது ஏறுச்சு," என்றாள் கெர்லிண்டே.

ஹார்ம்ஸ் வாசித்தார். 'நூற்றுப் பதினெட்டில் ஸ்டியரிங் உதறல். காரணம்: இரண்டு சக்கரங்களில் நடுவளையம் இல்லை, கழுவும்போது கழன்றது. மாட்டும்போது நான் துளையைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும். சரிசெய்தாயிற்று. கெ. பிட்சர்.' ஒருமுறை வாசித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்டேஷன் வேகன் வந்து நின்றது. சக்கரம் மாட்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கிப் பார்க்க வர வேண்டும் என்று எல்லார் சீட்டிலும் அச்சடித்திருக்கும். முக்கால்வாசிப் பேர் வருவதில்லை. வருகிறவர்களும் எண்பதிலோ இருநூறிலோ வருவார்கள்.

"அம்பது," என்று இறங்கினார் ஹாசிஸ். "கொஞ்சம் கொறஞ்சுது. அதான் தேவாலயத்த ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தேன்."

கெர்லிண்டே அளவு ரென்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு போல்ட்டிலும், இறுக்கம் சரி என்று சொல்லும் 'டக்' சத்தம் ஒன்று. இருபது போல்ட், இருபது டக். ஒன்றும் நகரவில்லை. ஹாசிஸ் பக்கத்தில் நின்று உதட்டுக்குள் எண்ணினார்.

"இப்ப வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார் ஹார்ம்ஸ்.

ஹாசிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். நாற்பது வருஷம் முத்திரை குத்திய கை.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

"அவ்வளவுதானா?" என்று ஹார்ம்ஸ் ஃபோல்கரைப் பார்த்தார்.

"அம்மா," என்றான் ஃபோல்கர், குரல் கரகரத்தது, "இவரு நான் பொறந்ததுலேருந்து பக்கத்துத் தெரு. இவரு வாயிலேருந்து இந்த வார்த்தைய இன்னைக்குத்தான் கேக்கறேன்."

காருக்குள்ளிருந்து ஆடெல்ஹைட், "எனக்கே சொன்னதில்ல," என்றார்.

ஹார்ம்ஸ் சிரிக்கவில்லை. மேசைக்குப் போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் பிட்சரம்மா. படத்துல காலி ஆணியப் பாத்தப்போ நான் நம்பல. முப்பத்தொரு வருஷம் ஒரு தப்புகூட இல்லன்னா, யாரோ ராத்திரியோட ராத்திரியா கழட்டி எறியறாங்கன்னு அர்த்தம். நான் பதினேழு பட்டறை பாத்தவ. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். "இந்த ஒரு சீட்டப் பாத்த பிறகு, அந்த முப்பத்தொரு வருஷத்தையும் நம்பறேன்."

கெர்லிண்டே கையில் ரென்ச்சோடு அப்படியே நின்றாள். ஏப்ரன் நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகை என்று சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள்.

"இத நான் எடுத்துக்கலாமா? ஆபீஸ்ல காட்டணும்."

"கூடாதுங்க. ஏறினா இறங்காது."

ஹார்ம்ஸ் தலையாட்டிவிட்டுப் படிவத்தில் குனிந்தார். 'கற்ற தொழில்' என்ற வரியைத் தாண்டினார். அடுத்தது 'சான்றிதழ்'. அதில் அவர் எழுதியதைக் கெர்லிண்டே தலைகீழாகவே வாசித்துவிட்டாள்: 'உள்ளது. பட்டறைச் சுவரில், நான்காவது ஆணியில்.' அதற்குக் கீழே 'பதவி' என்ற இடத்தில் 'பட்டறைத் தலைமை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் அவள் கண் வழக்கம்போல அந்தச் சுவருக்குத்தான் போனது. ஐம்பத்தெட்டு வயதில் அவள் பெயரில் ஒரு காகிதம் சுவரில் தொங்கியது. அது ஒரு புகார். அதைக் கொஞ்சம் நேராக்கி வைத்துவிட்டு, முதல் காரை உள்ளே கூப்பிட்டாள். சக்கரத்தைத் தூக்குமுன் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.